குழந்தைகளின் தலைச்சப்பையும் அதன் சீரமைப்பும்: கொல்லிமலைக் குண்டூர் நாட்டுக் களத்திலிருந்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

பச்சிளங்குழந்தை தொடர்ந்து ஒரே நிலையில் தலைவைத்துக் கிடப்பதால் மண்டையின் பின்புறமோ ஒரு பக்கமோ தட்டையாவது உலகெங்கும் காணப்படும் ஒரு நிலை. இதற்குரிய ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘தட்டைத் தலை நோய்க்குறி’ என வரும். அப்பெயர்ப்பு தேவையற்ற அச்சத்தை விளைவிக்கிறது என்பதையும், சீரமைப்பின் பெரும்பகுதி வீட்டிலேயே நிகழத்தக்கது என்பதையும், ஆயினும் அதற்கொரு காலவரம்பு உண்டு என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. குழந்தை வளர்ப்பு மரபுகளுள் எவை இதற்குத் துணைநிற்கின்றன, எவை நிற்பதில்லை என்பதும் கருதப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தலைச்சப்பை, தலைக்கோணல், தூளி, செங்கீரை, தலைக்கவசம், கொல்லிமலை, கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலை ஊராட்சி ஒன்றியத்தின் 14 ஊராட்சிகளும் ‘நாடு’ என்னும் பின்னொட்டுடன் வழங்கும் பெயர்களை உடையவை. குண்டூர் நாடு அவற்றுள் ஒன்று. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுவோர். மலையை ஆள்வோர் என்னும் பொருளில் அமைந்த அப்பெயருக்கும் மலையாள மொழிக்கும் தொடர்பில்லை.

முனைவர் பட்ட ஆய்வுக்காகத் தாலாட்டுப் பாடல்களைப் பதிவுசெய்யக் குண்டூர் நாட்டுக்குச் சென்றிருந்தபோது, நான்கு மாத ஆண் குழந்தையைத் தூளியில் ஆட்டிக்கொண்டிருந்த இளந்தாய் ஒருவர், ஒலிப்பதிவு முடிந்ததும் குழந்தையை எடுத்து அதன் பின்தலையைக் காட்டினார். வலப்புறம், உள்ளங்கையால் அழுத்தி வைத்ததுபோல் சப்பையாக இருந்தது. “இது நோயுங்களா அக்கா?” என்று கேட்டார். சமவெளி நகரமொன்றில் தனியார் நிலையம் ஒன்றில் காட்டியிருக்கிறார்கள். ஆங்கிலப் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, தலைக்கவசம் போட்டால்தான் சரியாகும், இல்லையேல் மூளை வளராது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த மிளகு அறுவடையை முன்விலைக்கு விற்றுவிடலாமா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

நாட்டார் வழக்காற்றியல் மாணவர் ஒருவர் மருத்துவம் சொல்லத் தகுதியுடையவர் அல்லர். எனினும், அந்தத் தாளில் இருந்த பெயரும் வீட்டில் எழுந்த அச்சமும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை என்பது மொழி கற்றவருக்கு விளங்காமற் போகாது. இக்கட்டுரை அங்கிருந்தே தொடங்குகிறது.

பெயரும் பொருளும்

இந்நிலைக்கு மருத்துவர் வழங்கும் பெயர்கள் கிரேக்க வேர் கொண்டவை. ஒரு பக்கம் மட்டும் தட்டையாகித் தலை சாய்வுற்றிருந்தால் பிளேஜியோசெஃபலி, பின்புறம் முழுவதும் தட்டையாகித் தலை அகன்றிருந்தால் பிராக்கிசெஃபலி. முன்னது ‘சாய்தலை’ என்றும் பின்னது ‘குறுந்தலை’ என்றும் பொருள்படும். இரண்டிலும் நோய் என்னும் பொருள் இல்லை. அவை வடிவத்தை மட்டுமே சொல்கின்றன. பொதுவழக்கு ஆங்கிலமே ‘சிண்ட்ரோம்’ என்னும் சொல்லைச் சேர்த்தது. அதைத் தமிழாக்கும்போது ‘நோய்க்குறி’ வந்து ஒட்டிக்கொள்கிறது.

தமிழ்ப் பேச்சுவழக்கிலோ இவ்விரு வடிவங்களுக்கும் தனித்தனிச் சொற்கள் முன்பே உள்ளன. ‘மண்டை சப்பையா இருக்கு’, ‘மண்டை கோணலா இருக்கு’ என்னும் தொடர்களைக் குழந்தை பிறந்த வீடுகளில் கேட்கலாம். சப்பை என்பது பிராக்கிசெஃபலிக்கும் கோணல் என்பது பிளேஜியோசெஃபலிக்கும் ஏறத்தாழப் பொருந்துகின்றன. எனவே ‘தலைச்சப்பை’, ‘தலைக்கோணல்’ என்பவற்றையே கலைச்சொற்களாகக் கொள்வதும், இரண்டையும் சேர்த்துச் சொல்லுமிடத்துக் ‘கிடைவழித் தலைச்சப்பை’ என்பதும் தகும் எனக் கருதுகிறேன். கிடத்தலால் வந்தது என்னும் காரணத்தைப் பெயரே சொல்லிவிடுகிறது. காரணம் பெயரிலேயே இருந்தால் தாய் முதலில் மாற்ற நினைப்பது கிடக்கையை. நோய் என்றிருந்தால் முதலில் தேடுவது கருவியை.

தலைவடிவத்தை எண்ணால் குறிக்கும் முறையொன்றும் உண்டு. தலையின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது தலைக்குறியெண். இன்று குழந்தை மருத்துவர்கள் தலைச்சப்பையின் அளவைக் கணிக்கப் பயன்படுத்தும் இதே எண்ணை, சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன் மக்கட்பிரிவுகளை வகைப்படுத்தப் பயன்படுத்தினார். கே. ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் மலையாளிகள் பற்றிய பதிவும் உண்டு. தலைவடிவம் இனத்தின் மாறா அடையாளம் என்பது அக்காலக் கருத்து. அடுத்த சில ஆண்டுகளிலேயே ஃபிரான்ஸ் போவாஸ், அமெரிக்காவில் குடியேறியோரின் பிள்ளைகளை அளந்து, தலைவடிவம் சூழலால் மாறக்கூடியது என்று வாதிட்டார். தொட்டிலில் கிடந்த விதமும் தலைக்குறியெண்ணை மாற்றும் என்பதை இன்று எந்தக் குழந்தை மருத்துவரும் சொல்வார். பழைய அளவீட்டு அட்டவணைகளை மேற்கோள் காட்டும் ஆய்வாளர் இதை மனத்திற்கொள்வது நலம்.

தலை சப்பையாவது எவ்வாறு

பிறக்கும்போது மண்டையோடு ஒரே எலும்பன்று. பல தகடுகள் நார்த்தன்மையுள்ள பொருத்துவாய்களால் இணைந்திருக்கும். அவை கூடுமிடங்களே உச்சிக்குழிகள். பின் உச்சிக்குழி ஏறத்தாழ இரண்டு மூன்று மாதங்களிலும், நாம் பொதுவாக உச்சி என்று தொட்டுப் பார்க்கும் முன்குழி பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள்ளும் மூடும். உள்ளே மூளை வளர்ந்து தள்ள, வெளியே தகடுகள் விலகி விரிகின்றன. ஒரு பக்கம் எப்போதும் தரையில் அழுந்தியிருந்தால், அப்பக்கம் விரிய இடமின்றித் தடை இல்லாத திசையில் வளர்ச்சி செல்கிறது. எலும்பு நசுங்குவதாக எண்ணுவது தவறு. அந்த இடத்தில் வளர்ச்சி தடுக்கப்படுகிறது, அவ்வளவே. இந்த வேறுபாடு சீரமைப்புக்கு அடிப்படையானது. நசுங்கியதை அழுத்தி நிமிர்த்த வேண்டும். வளர்ச்சி தடுக்கப்பட்டதற்குத் தடையை எடுத்தால் போதும்.

காலவரம்பும் இங்கிருந்தே பிறக்கிறது. பிறப்பில் ஏறத்தாழ 34, 35 செ.மீ. உள்ள தலைச்சுற்றளவு, முதல் மூன்று மாதங்களில் மாதம் 2 செ.மீ., அடுத்த மூன்று மாதங்களில் மாதம் 1 செ.மீ., பின்னர் ஓராண்டு வரை மாதம் அரை செ.மீ. எனக் கூடுவது குழந்தை மருத்துவப் பாடநூற் கணக்கு. முதலாண்டில் கூடும் 12 செ.மீ.யில் 9 செ.மீ. முதல் ஆறு மாதங்களுக்குள் முடிந்துவிடுகிறது. சப்பையாவதும் அந்த வளர்ச்சியால்தான், சரியாவதும் அதே வளர்ச்சியால்தான். எட்டாம் மாதத்தில் தொடங்கும் முயற்சிக்குக் கிடைப்பது எஞ்சிய சிறுபங்கே.

தலைப்பேறு, குறைமாதப் பிறப்பு, இரட்டைப் பிறப்பு ஆகியவற்றில் இது கூடுதலாகக் காணப்படும். ஆண் குழந்தைகளிடமும் வலப்பக்கத்திலும் மிகுதி. இவற்றினும் முதன்மையானது கழுத்து. கழுத்தின் ஒருபக்கத் தசை இறுகியிருந்தால் குழந்தை ஒரே திசையில்தான் திரும்பும். டார்ட்டிகோலிஸ் என மருத்துவம் சொல்லும் இக்கழுத்துத் திருகலைக் கண்டுகொள்ளாமல் தலையை மட்டும் பார்ப்பவர் காரணத்தை விட்டு விளைவைப் பார்ப்பவராவார்.

இந்நிலை பெருகியதற்கு ஒரு வரலாறு உண்டு. உறக்கத்தில் நிகழும் திடீர் இறப்பைத் தடுக்கக் குழந்தைகளைக் குப்புறப் படுக்கவைக்க வேண்டா என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992இல் அறிவுறுத்தியது. 1994இல் அது நாடு தழுவிய இயக்கமாயிற்று. அவ்வகை இறப்புகள் பாதிக்கும் மேல் குறைந்தன; தலைச்சப்பை கூடியது. இந்தப் பரிமாற்றம் குறித்து ஐயத்துக்கு இடமில்லை. தலை சப்பையாகிறது என்று குழந்தையைக் குப்புற உறங்கவைப்பது, சிறிய குறையை நீக்க உயிரைப் பணயம் வைப்பதாகும். உறக்கம் மல்லாந்தே இருக்க வேண்டும்.

தானாகச் சரியாகுமா என்னும் கேள்விக்கு நியூசிலாந்தில் 200 குழந்தைகளை இரண்டாண்டுகள் தொடர்ந்து அளந்து 2004இல் வெளியிட்ட ஆய்வு ஓரளவு விடை தருகிறது. நான்காம் மாதத்தில் 19.7 விழுக்காட்டினரிடம் இருந்த சப்பை, ஓராண்டில் 6.8 விழுக்காடாகவும் இரண்டாண்டில் 3.3 விழுக்காடாகவும் குறைந்தது. கனடாவின் கால்கரி நகரில் 7 முதல் 12 வார வயதுள்ள 440 குழந்தைகளைச் சோதித்து 2013இல் வெளியான ஆய்வில் 46.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஓரளவில் சப்பை இருந்தது. அவற்றுள் பெரும்பாலானவை இலேசானவை. இரு ஆய்வுகளும் வெவ்வேறு அளவுகோல் கொண்டவை. எண்களை நேரே ஒப்பிடுதல் கூடாது. ஆயினும் பாதியளவு குழந்தைகளுக்கு வரும் ஒன்றை நோய் என்பது எவ்வளவு பொருந்தும்?

மூளை வளராது என்ற அச்சத்துக்கும் இங்கேயே விடை சொல்லிவிடலாம். கிடைவழித் தலைச்சப்பை மூளையை நெருக்குவதில்லை. தலைச்சப்பையுள்ள குழந்தைகள் சிலரிடம் இயக்க வளர்ச்சி பிந்துவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. குறைவாக அசையும் குழந்தை ஒரே நிலையில் நெடுநேரம் கிடக்கும், அதனால் தலை சப்பையாகும் என்பதே பொருந்தும் விளக்கமாகக் கருதப்படுகிறது. ஆகவே தலை சப்பையான குழந்தையின் கழுத்து நிற்கிறதா, கைகால் சரியாக அசைகின்றனவா என்று பார்ப்பது தேவை. அஞ்சுவது தேவையில்லை.

பிரித்தறிய வேண்டிய வேறொரு நிலை

அஞ்ச வேண்டிய நிலை ஒன்று உண்டு. பொருத்துவாய்கள் காலத்துக்கு முன்பே எலும்பாகி இணைந்துவிடுவது கிரேனியோசினோஸ்டோசிஸ் எனப்படும். எல்லா வகையும் சேர்த்து ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பிறப்புகளுக்கு ஒன்று. அதிலும் பின்தலையைக் கோணலாக்கும் வகை மிக அரிது. இதற்குப் பெரும்பாலும் அறுவை மருத்துவமே தீர்வு. உள்நோக்கிக் கருவி வழிச் செய்யும் சிறிய அறுவை முதல் சில மாதங்களுக்குள்தான் இயலும் என்பதால் காலத்தாழ்வு இங்கே உண்மையிலேயே கேடு.

இரண்டையும் பெரும்பாலும் கண்ணாலேயே பிரிக்கலாம். குழந்தையை மடியில் உட்காரவைத்து உச்சிக்கு நேர் மேலிருந்து பார்க்க வேண்டும். கிடைவழிக் கோணலில் தலை இணைகரமாகத் தோன்றும். சப்பையான பக்கத்துக் காது முன்னோக்கித் தள்ளப்பட்டிருக்கும். அதே பக்க நெற்றியும் சற்று முன்னுந்தும். பொருத்துவாய் இணைந்த கோணலில் தலை சரிவகமாகத் தோன்றும். அப்பக்கக் காது பின்னோக்கியோ கீழிறங்கியோ இருக்கும். பொருத்துவாய் நெடுகத் தடித்த வரம்பு கைக்குத் தட்டுப்படும். பிறந்த நாள்தொட்டே வடிவம் மாறியிருத்தல், கிடக்கையை மாற்றியும் மோசமாதல், தலைச்சுற்றளவு கூடாமல் நிற்றல், உச்சிக்குழி புடைத்தல் ஆகியவற்றில் எது இருப்பினும் வீட்டு முறைகளை நம்பிக் காத்திராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கிடைவழிச் சப்பையின் கடுமையைக் கணிக்கவும் கருவி தேவையில்லை. அர்ஜென்டா என்பவரும் அவர் குழுவினரும் 2004இல் வகுத்த ஐந்து படிநிலைகள் பார்வையை மட்டுமே சார்ந்தவை. பின்தலை மட்டும் சப்பை எனில் முதற்படி. காது நகர்ந்திருப்பின் இரண்டாம் படி. நெற்றி உந்தின் மூன்றாம் படி. முகமும் கோணின் நான்காம் படி. பொட்டுப்பகுதி புடைத்தோ தலை மேல்நோக்கி வளர்ந்தோ இருப்பின் ஐந்தாம் படி.

தூளி, குளியல், செங்கீரை

தூளி, ஏணை, தூரி, தொட்டில் என வட்டாரந்தோறும் பெயர் மாறினும் துணித்தொட்டிலின் அமைப்பு ஒன்றே. தட்டையான பலகையைப்போல் துணி ஓரிடத்தை மட்டும் அழுத்துவதில்லை. தலையின் வளைவுக்கேற்ப வளைந்து தாங்குகிறது. இதனால் தூளியே தலைச்சப்பைக்கு மருந்து என்று சிலர் எழுதுவதைக் காண்கிறோம். அதை ஏற்க இயலவில்லை. தூளியில் குழந்தை கழுத்தைத் திருப்பவும் உடலைப் புரட்டவும் இடம் குறைவு. தாடை மார்போடு மடிந்து மூச்சுக்கு இடையூறாகும் வாய்ப்பும் உண்டு. சமமான, உறுதியான படுக்கையே உறக்கத்துக்குப் பாதுகாப்பானது என்பது இன்றைய மருத்துவ அறிவுரை. தாலாட்டை ஆராயும் எனக்கு இது உவப்பான முடிவன்று. பாட்டும் ஆட்டமும் கண்ணயரும் வரை இருக்கலாம். நெடிய உறக்கம் பாயில் நிகழட்டும் என்பதே நான் கண்ட நடுவழி. தூளியில் இட்டாலும் தலைமாட்டையும் கால்மாட்டையும் நாள்தோறும் மாற்றுவதில் எந்தச் செலவும் இல்லை. குழந்தை வெளிச்சத்தையும் தாய் இருக்கும் திசையையும் நாடித் திரும்பும். வாசல் ஒரே பக்கம் உள்ள வீட்டில் தலைமாட்டை மாற்றினால் கழுத்தும் மறுபக்கம் திரும்பும்.

குளியல் மரபை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மூதாட்டி கால்நீட்டி அமர்ந்து குழந்தையைக் கால்களின்மேல் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகையில், முன்புறம் முடிந்ததும் குப்புறக் கவிழ்த்து முதுகு தேய்ப்பார். அந்தச் சில நிமிடங்கள் கழுத்துக்கும் தோளுக்கும் சிறந்த பயிற்சி. அதே குளியலில் தலையை இரு கைகளாலும் பிடித்து உருட்டி வடிவுபடுத்துவதும் உண்டு. முன்னர்க் கூறியவாறு, தடுக்கப்பட்ட வளர்ச்சியை அழுத்தத்தால் மீட்க இயலாது. உச்சிக்குழியின் மேல் அழுத்துவது தீங்காகவும் முடியலாம். கவிழ்ப்பதைக் கொள்ளலாம், உருட்டுவதைத் தள்ளலாம். நடுவில் குழியுள்ள தலையணைகளும் தள்ளத்தக்கவையே. மூச்சடைப்பு அச்சம் கருதி அவற்றைப் பயன்படுத்த வேண்டா என அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022இல் எச்சரித்தது.

விழித்திருக்கும்போது, பெரியவர் கண்முன் குழந்தையைக் குப்புறக் கிடத்துவதே சீரமைப்பின் நடுநாயகம். பிறந்த சில நாட்களிலேயே இரண்டு மூன்று நிமிடங்களாகத் தொடங்கி, ஏழாம் வாரத்துக்குள் நாளொன்றுக்கு மொத்தம் 15 முதல் 30 நிமிடங்களேனும் ஆக்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. தாயின் மார்பின்மேல் குப்புறக் கிடத்துவதும் இதில் சேரும்.

இவ்விடத்தில் பிள்ளைத்தமிழ் மாணவருக்குச் செங்கீரைப் பருவம் நினைவுக்கு வராமல் இராது. ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்த்தி முகம் அசைத்தாடும் அப்பருவத்தை மரபு ஐந்தாம் மாதத்துக்குரியதாகக் கொள்ளும். பெரியாழ்வார் காலந்தொட்டுப் பாடப்படும் அந்நிலை, கழுத்தும் தோளும் வலுப்பெற்றுத் தலை தரையிலிருந்து விடுபட்ட நிலை. அதன்பின் குழந்தை தன் கிடக்கையைத் தானே மாற்றிக்கொள்ளும். சப்பை கூடுவதும் நிற்கும். பாட்டியல் நூலாருக்கு மண்டையோட்டு வளர்ச்சி தெரிந்திருந்தது என்று இதனால் நிறுவப் புகுவது வீண். குழந்தையை உற்றுப் பார்த்தவர்கள் அவர்கள், அவ்வளவு போதும். குப்புறக் கிடத்தும் பயிற்சியைத் தாய்மாரிடம் விளக்குவோர் ‘செங்கீரைப் பயிற்சி’ என்று வழங்கினால், பெயரும் தமிழில் நிற்கும். எட்ட வேண்டிய இலக்கும் பெயரிலேயே தெரியும்.

தலைக்கவசம்

சப்பையான இடத்தில் வெற்றிடம் விட்டு, உந்திய இடங்களைத் தொட்டு நிற்குமாறு வார்க்கப்படும் கவசம் இது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 23 மணிநேரம், பல மாதங்கள் அணிவிக்க வேண்டும். தலை வளர வளர அளவைத் திருத்த மீண்டும் மீண்டும் செல்ல வேண்டும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலையேறும் சாலையின் முனையில் வாழும் குடும்பத்துக்கு இதன் விலையைவிடப் பயணமே பெருஞ்செலவு.

பயன் எத்தகையது? நெதர்லாந்தில் 5, 6 மாத வயதுள்ள 84 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி நடத்திய சோதனை 2014இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயிற்று. இரண்டு வயதில் முழுமையாகச் சீரானோர் கவசம் அணிந்தோருள் 26 விழுக்காடு, அணியாதோருள் 23 விழுக்காடு. கவசம் அணிந்த குழந்தைகளின் பெற்றோர் அனைவரும் தோல் எரிச்சல், வியர்வை முதலிய ஏதேனும் ஒரு தொல்லையைக் குறிப்பிட்டனர். மிகக் கடுமையான கோணலும் கழுத்துத் திருகலும் உள்ளோர் அச்சோதனையில் சேர்க்கப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் பேரவையின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டல், கிடக்கை மாற்றமும் பயிற்சியும் பலிக்காத மிதமான, கடுமையான நிலைகளுக்குக் கவசத்தைப் பரிந்துரைக்கிறது. ஆக, கவசம் பயனற்றது என்பதும் கவசமின்றி வழியில்லை என்பதும் ஒருங்கே மிகை. நான்காம் மாதத்தில், கழுத்தைச் சோதிக்காமலே கவசத்தை முதல் மருந்தாகச் சொல்வது எந்த வழிகாட்டலிலும் இல்லை.

யார் பார்ப்பது

இந்நிலையைக் காண மலையில் தனி மருத்துவர் தேவையில்லை. பார்க்கும் நாளே தேவை. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வருகின்றன. தலை விரைந்து வளரும் ஆறு மாதங்கள் இரண்டு வருகைகளுக்கு இடையிலேயே கழிந்துவிடக்கூடும். பிறவிக் குறைகளாக அத்திட்டம் பட்டியலிடும் ஒன்பதில் மண்டைப் பொருத்துவாய் இணைதலும் இல்லை. ஆனால் தடுப்பூசி அட்டவணை வேறு வாய்ப்பைத் தருகிறது. 6, 10, 14ஆம் வாரங்களில் தாய் குழந்தையுடன் செவிலியர் முன் வந்தே தீர்வார். அதற்கடுத்த ஊசிக்கு ஒன்பதாம் மாதம் ஆகிவிடும். அந்த மூன்று நாட்களிலும் உச்சிக்கு மேலிருந்து ஒரு பார்வை, கழுத்தை இருபுறமும் திருப்பி ஒரு சோதனை, அட்டையில் சுற்றளவு பற்றிய ஒரு குறிப்பு: இவற்றுக்கு ஓரிரு நிமிடங்கள் போதும். பதினான்காம் வாரத்தைத் தவறவிட்டால் ஒன்பதாம் மாதம்வரை கேட்பாரில்லை. அதற்குள் முக்கால் பங்கு வளர்ச்சி முடிந்திருக்கும்.

நான் பார்த்த குழந்தையைப் பின்னர் அரசு மருத்துவமனைக் குழந்தை மருத்துவர் ஒருவர் சோதித்தார். காது முன்னோக்கியிருந்தது, பொருத்துவாய்களில் வரம்பு இல்லை. இடப்பக்கக் கழுத்துத் தசை இறுகியிருந்தது. அதனால்தான் முகம் எப்போதும் வலப்புறம். கழுத்தை நீட்டும் பயிற்சியைத் தாய்க்குக் கற்றுக்கொடுத்து, பாயில் இடப்பக்கமாக வெளிச்சம் வரும்படி கிடத்தச் சொன்னார். பத்தாம் மாதத்தில் மீண்டும் ஒலிப்பதிவுக்குச் சென்றபோது குழந்தை வாசற்படி வரை தவழ்ந்து வந்து பதிவுக்கருவியைப் பிடுங்கியது. மேலிருந்து பார்த்தால் வலப்புறத்தில் சிறு கோணல் இன்னும் தெரிந்தது. முடி வளர்ந்து பாதியை மறைத்திருந்தது. தாய் அதைப்பற்றிக் கேட்கவில்லை. மிளகு விற்ற விலையைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.